பொலிகாளையின் தீனும் ஓமோன்களும்

பட்டியிலுள்ள பசுவொன்று இரண்டு மூன்று தடவை நாம்பனுக்கு விடப்பட்டும் சினைப்படாவிடின், குறை பசுவினுடையதே என்று கொள்வது கமக்காரரிடையே பெருவழக்காகும். அப்பசு மலடென்று பெயர் பெற்று இறைச்சிக்கு விற்கப்படுதலும் உண்டு. குறை நாம்பனிலும் இருத்தல் கூடும் என்பது பலராலும் எண்ணிப் பார்க்கப்படுவதில்லை. ஒரு பசுவின் குறையால் ஒரு கன்றே இழக்கப்படும். நாம்பனின் குறையாலோ, அதனிடம் கொண்டுவரப்படும் அயற்பசுக்கள் யாவற்றின் கன்றுகளும் இழக்கப்படும். கன்று இல்லையேல் பாலில்லை. காலக்கிரமத்திற் பட்டியும் குறைந்து, வயலுக்கும் தோட்டத்துக்கும் வேண்டிய எருவும் குறைந்துபோம்.

நாம்பனின் ஆற்றல் அதன் தீனைப் பொறுத்தது என்பதைக் கமக்காரர் நன்கறிவர். ஆயினும், தொட்டியில் இடப்படும் தீன் நேர்வழியால் விந்தைச் சென்றடைவதில்லை. இரத்தத்திலுள்ள போசணைப் பொருள்கள் விந்துக்குக் கிடைக்கவேண்டுமாயின், உடலிலுள்ள சில சுரப்பிகள் வெளிவிடும் ஓமோன்கள் எனும் பொருள்கள் அவற்றுக்கு வழி திறந்துவிடல் வேண்டும். குளம் நிறைந்திருப்பினும், வட்டவிதானை மதகைத் திறப்பித்தாலன்றி வாய்க்காலில் நீர் பாயாது. நாம்பனின் உடலிலும் ஒழுங்கு இவ்வாறானதே. இவ்வொழுங்கை அறிந்துகொள்ளும் கமக்காரர், நாம்பனுக்கு எப்போது தீனைக் கூட்டவேண்டும், எவற்றைச் செய்யலாகாது என்பவற்றைத் தாமே தீர்மானித்துக்கொள்ளலாம்.

விதையினுள்ளே விந்து வளர்தல்

நாம்பனின் விதையானது நூல்போன்ற எண்ணிறந்த சிறு குழாய்களால் ஆனது. விந்துகள் இக்குழாய்களின் சுவரிலேயே உண்டாகின்றன. குழாய்களுக்கு இடையிலுள்ள கலங்கள் இலெயிடிக்கின் கலங்கள் எனப்படும். ஆண்மையோமோனைச் சுரப்பவை இவையே. குழாய்களின் உள்ளே, வளரும் விந்துகளைத் தாங்கி நிற்கும் கலங்கள் சேட்டோலியின் கலங்கள் எனப்படும். 1850ஆம் ஆண்டில் இலெயிடிக்கு என்னும் செருமானியரும், 1865ஆம் ஆண்டில் சேட்டோலி என்னும் இத்தாலியரும் இக்கலங்களை முதன்முதல் விவரித்தமையால் இப்பெயர்கள் வழங்கலாயின.

வளரும் விந்துக்கும் இரத்தத்துக்கும் நேரான தொடர்பு கிடையாது. சேட்டோலியின் கலங்கள் ஒன்றோடொன்று இறுகப் பொருந்தி நின்று, இரத்தத்திலுள்ள பொருள்கள் விருப்பப்படி உட்புகாவண்ணம் வேலியிட்டுள்ளன. எனவே, இவ்வேலிக்குள் வளரும் விந்துக்கு உணவூட்டுவோர் இக்கலங்களேயாவர். இவை இரத்தத்திலிருந்து குளுக்கோசு என்னும் வெல்லத்தைப் பெற்று, அதனை இலற்றிக்கமிலமாக மாற்றி, வளரும் விந்துக்கு ஊட்டுகின்றன. தாய்ப்பறவை இரையைத் தன் அலகில் மசித்துக் குஞ்சுக்குக் கொடுத்தலை ஒத்தது இச்செயல்.

சேட்டோலியின் கலங்கள் எவ்வளவு குளுக்கோசைப் பெறும் என்பது மூளையின் அடியில் அமைந்துள்ள கபச்சுரப்பியைப் பொறுத்ததாகும். கடலையளவினதான இச்சுரப்பி இரண்டு ஓமோன்களை விதைக்கு அனுப்புகின்றது. ஒன்று சேட்டோலியின் கலங்களைத் தூண்டி, குளுக்கோசை உள்ளெடுத்தலையும் இலற்றிக்கமிலம் ஆக்குதலையும் மிகுவிக்கின்றது. மற்றையது இலெயிடிக்கின் கலங்களைத் தூண்டி, தெசுத்தொசுத்தரோன் என்னும் ஆண்மையோமோனைச் சுரக்கச் செய்கின்றது. விந்து முற்றுப்பெற இவ்விரண்டும் வேண்டும்.

ஆண்மையோமோன் அறியப்பட்ட வரலாறு

விதையிலிருந்து இரத்தத்தின்வழிச் செல்லும் ஒரு பொருளே ஆண்தன்மையை உண்டாக்குகின்றது என்பதைச் செருமனி நாட்டின் கோட்டிங்கன் நகரில் பேட்டோல்டு என்பார் 1849ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினார். அவர் 6 சேவற்குஞ்சுகளின் விதைகளை அகற்றி, அவற்றுள் 4 குஞ்சுகளின் வயிற்றறையினுள் விதைகளை மீண்டும் இட்டார். விதையை முற்றாக இழந்த 2 குஞ்சுகளும் கொண்டை சுருங்கிக் கூவாதுவிட்டன. ஏனையவை கொண்டை சிவந்து, கூவி, சண்டையிட்டுச் சேவல்களாகவே வளர்ந்தன. இடம் மாற்றப்பட்ட விதைக்குப் பழைய நரம்புத்தொடர்பு இல்லாமையால், இரத்தமே அப்பொருளைக் கொண்டுசென்றிருத்தல் வேண்டும் என்பது தெளிவாயிற்று.

அப்பொருள் தூய நிலையிற் பிரித்தெடுக்கப்பட்டது 1935ஆம் ஆண்டிலாகும். ஒல்லாந்தின் அம்சுதர்தாம் நகரில் எருத்துவிதைகளிலிருந்தே அது பெறப்பட்டது. ஏறத்தாழ 100 கிலோகிராம் விதையிலிருந்து கிடைத்தது 10 மில்லிகிராம் மட்டுமே. இத்துணைச் சிறிய அளவினதான பொருள் உடல் முழுவதையும் ஆளுகின்றது என்பது வியப்பிற்குரியது.

நலமடிக்கப்பட்ட எருதையும் நாம்பனையும் அருகருகே நிறுத்திப் பார்ப்பவர் இவ்வோமோனின் வேலையைக் கண்கூடாகக் காணலாம். நாம்பனின் தடித்த கழுத்தும் உயர்ந்த ஏரியும் மூர்க்கமும் எருதுக்கு இல்லை. கண்ணுக்குப் புலனாகாத வேறொரு மாற்றமும் உண்டு. எருதின் உடலினுள்ளே, விந்துக்கு உணவளிக்கும் துணைச்சுரப்பிகள் சுருங்கிப்போய்விடுகின்றன.

விதைமேற்றிணிவு: விந்து முதிரும் இடம்

விதையை விட்டு வெளியேறும் விந்து நீந்தும் ஆற்றலோ, பசுவின் சூலைக் கருக்கட்டச் செய்யும் ஆற்றலோ இல்லாதது. அது விதையின்மேல் ஒட்டிக் கிடக்கும் விதைமேற்றிணிவு என்னும் உறுப்பினூடாகச் செல்லும்போதே இவ்வாற்றல்களைப் பெறுகின்றது. சுருண்டு மடிந்து கையளவிற் காணப்படும் இவ்வுறுப்பின் குழாயை நீட்டினால், அது 30 மீற்றருக்கு மேற்பட்ட நீளமுடையதாயிருக்கும். இவ்வழியைக் கடக்க விந்துக்கு 8 முதல் 11 நாள் வரை செல்லும்.

இக்குழாயின் தொடக்கத்தில், விந்தோடு வரும் நீரின் பெரும்பகுதி உறிஞ்சப்பட்டு விந்து செறிவாக்கப்படுகின்றது. பெண்மையோமோன் என்று பெயர்பெற்ற ஈசுத்திரசனே இவ்வுறிஞ்சலை ஆளுகின்றது என்பது 1997ஆம் ஆண்டிற் சுண்டெலிகளிற் செய்யப்பட்ட ஆராய்ச்சியால் வெளியாயிற்று. இவ்வோமோனின் செயலை இழந்த சுண்டெலிகளில் விந்து நீர்த்துப்போய், விதையினுள் நீர் தேங்கி, அவை மலடாயின. ஆணின் உடலிலும் பெண்மையோமோனுக்குச் சிறிய அளவில் வேலையுண்டு என்பது இதனால் விளங்கும்.

குழாயின் பிற்பகுதியில், கானிற்றின் முதலிய பொருள்கள் இரத்தத்தில் உள்ளதைவிடப் பன்மடங்கு செறிவாக விந்தைச் சூழச் சேர்க்கப்படுகின்றன. குழாய்ச் சுவர் இப்பொருள்களை இரத்தத்திலிருந்து இழுத்தெடுத்தல் வேண்டும். அதற்கு ஆண்மையோமோன் இன்றியமையாதது. சேட்டோலியின் கலங்கள் உண்டாக்கும் ஒரு புரதம் ஆண்மையோமோனைச் சுமந்து, விந்தோடு இக்குழாய்க்குக் கொண்டுவருகின்றது. விதை அகற்றப்பட்ட விலங்குகளில் இக்குழாய் கானிற்றினைச் சேர்க்கும் ஆற்றலை இழப்பதும் காணப்பட்டுள்ளது.

சுக்கிலப்புடகமும் பிரற்றோசும்

விந்து வெளியேறும் வேளையில் துணைச்சுரப்பிகளின் நீரோடு கலந்து சுக்கிலப்பாயம் ஆகின்றது. நாம்பன் ஒரு தடவையில் வெளிவிடும் பாயம் ஏறத்தாழ 5 மில்லிலீற்றராகும். ஒவ்வொரு மில்லிலீற்றரிலும் ஏறக்குறைய 100 கோடி விந்துகள் இருத்தல் கூடும். இத்துணை விந்துகளும் பசுவினுள் நீந்துதற்கு வேண்டிய வெல்லத்தைப் பெரும்பாலும் அளிப்பது சுக்கிலப்புடகம் என்னும் இணைச்சுரப்பியாகும்.

இவ்வெல்லம் குளுக்கோசன்று, பழங்களிலுள்ள பிரற்றோசே என்பதைக் கேம்பிரிச்சில் ஆராய்ச்சி செய்த மான் என்பார் 1946ஆம் ஆண்டில் நிலைநாட்டினார். நாம்பனின் பாயத்தில் 100 மில்லிலீற்றருக்கு 500 மில்லிகிராம் அளவிற் பிரற்றோசு இருத்தல் இயல்பு. இரத்தத்திலோ பிரற்றோசு மிக அருமை. சுரப்பியானது இரத்தத்திலுள்ள குளுக்கோசை எடுத்து, சோபிற்றோல் என்னும் இடைப்பொருளாக்கி, பின்னர் பிரற்றோசாக மாற்றுகின்றது. செம்மறியிலும் வெள்ளாட்டிலும் இவ்வாறே நிகழ்கின்றது. பன்றியின் பாயத்தில் பிரற்றோசு சொற்பமே. இனோசித்தோல் என்னும் வேறொரு பொருளே அதில் மிகுந்துள்ளது.

மானும் அவருடன் உழைத்தோரும் 1950ஆம் ஆண்டளவிற் செய்த சோதனை இங்குக் கருதற்குரியது. விதை அகற்றப்பட்ட முயல்களின் பாயத்திலிருந்த பிரற்றோசு இரண்டு வாரத்துள் மறைந்துபோயிற்று. அவற்றுக்கு ஆண்மையோமோன் கொடுக்கப்பட்டதும் பிரற்றோசு மீண்டும் தோன்றியது. முயலுக்குத் தீன் குறைக்கப்படவில்லை. இரத்தத்தில் குளுக்கோசும் குறையவில்லை. வெல்லம் இருந்தும் வாய்க்கால் அடைபட்டது. பாயத்திலுள்ள பிரற்றோசை அளப்பதால் ஆண்மையோமோனின் அளவை மதிப்பிடலாம் என்னும் முறையும் இதிலிருந்தே பிறந்தது.

செயற்கைமுறைச் சினைப்படுத்தலுக்காகப் பாயத்தை ஐதாக்கும் கரைசலில் முட்டை மஞ்சட்கருவுடன் பிரற்றோசு அல்லது குளுக்கோசு, சித்திரிக்கமில உப்பு முதலியன சேர்க்கப்படுவதன் காரணமும் இதுவே. சுக்கிலப்புடகம் இயற்கையில் அளிப்பதை மனிதன் கரைசலில் அளிக்கின்றான்.

தீன் குறைந்தால் முதலில் நேர்வது

தீன் குறைந்த நாம்பனில் விந்துக்குரிய பொருள்களை ஆக்கும் வாய்ப்பு மட்டும் குறைவதில்லை. கட்டளையே நின்றுபோகின்றது. இதனை 1931ஆம் ஆண்டில் மூர், சாமுவெல்சு என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர் எலிகளிற் கண்டனர். உணவு குறைக்கப்பட்ட எலிகளின் துணைச்சுரப்பிகள், விதை அகற்றப்பட்டவற்றைப்போலச் சுருங்கின. உணவைக் கூட்டாமலே ஓமோனை ஊசிமூலம் ஏற்றியபோது அச்சுரப்பிகள் மீண்டும் தேறின. ஆகவே, பட்டினியால் முதலில் ஓய்வது கபச்சுரப்பி எனவும், அதன் கட்டளை குறைய விதையின் ஓமோனும், அது குறையத் துணைச்சுரப்பிகளின் வேலையும் படிப்படியாகக் குறைகின்றன எனவும் அறியப்பட்டது. நெருக்கடி வந்துற்றபோது உடல் தன் உயிரைக் காத்தற்காக இனப்பெருக்கத்தை ஒத்திவைக்கின்றது.

மானும் உவோல்ற்றனும் 1953ஆம் ஆண்டில் வளர்ந்த நாம்பனொன்றின் தீனைக் குறைத்துப் பார்த்தபோது, அதன் விந்துகளின் தொகையும் அசைவும் பெரிதும் மாறவில்லை. பிரற்றோசும் சித்திரிக்கமிலமும் குறைந்தன. 1957ஆம் ஆண்டில், ஒரே சூலிலிருந்து தோன்றிய இரட்டைக் கன்றுகளுள் ஒன்றுக்கு நிறைவாகவும் மற்றையதற்குக் குறைவாகவும் தீன் கொடுத்து ஆராய்ந்த முடிவுகள் வெளியாயின. தீன் குறைந்த கன்றில் பிரற்றோசும் சித்திரிக்கமிலமும் சுரக்கத் தொடங்குவது வெகுவாகப் பிந்தியது. கமக்காரர் இவற்றிலிருந்து கொள்ளவேண்டிய பாடம் இரண்டு. நாம்பன் பசுவை ஏறுகின்றது என்பதைமட்டும் கொண்டு அது நிறைவானதென்று முடிவுசெய்யலாகாது. வளர்ந்த நாம்பன் ஓரளவு தாங்கும் பட்டினியை இளங்கன்று தாங்காது.

ஊசியாற் பயனில்லை

ஆண்மையோமோன் குறைந்துள்ளதெனின், அதனை ஊசிமூலம் ஏற்றினாலென்ன என்னும் ஐயம் எழுதல் இயல்பே. ஆயின் அது தீங்காகவே முடியும். கபச்சுரப்பியானது இரத்தத்தில் ஆண்மையோமோன் எவ்வளவு உள்ளதென்பதை அறிந்தே கட்டளையிடுகின்றது. வெளியிலிருந்து ஏற்றினால், போதியளவு இருக்கின்றதென்று அது தன் கட்டளையை நிறுத்திவிடும். விதையினுள் விந்து வளர்வதற்கு வேண்டிய ஆண்மையோமோனின் செறிவு இரத்தத்திலுள்ளதைவிடப் பலமடங்கு பெரிது. ஊசி அச்செறிவை உண்டாக்கமாட்டாது. எனவே, ஊசி ஏற்றப்பட்ட நாம்பனில் மூர்க்கம் மிகினும் விந்து குறையும். கால்நடை வைத்தியரின் பணிப்பின்றி எந்த ஓமோனையும் நாம்பனுக்கு ஏற்றலாகாது.

வெப்பமும் காய்ச்சலும்

விதைப்பை உடலுக்கு வெளியே தொங்குதல் காரணமின்றியன்று. விதையின் வெப்பம் உடலின் வெப்பத்திலும் 3 முதல் 5 பாகை செல்சியசு வரை குறைவாயிருந்தாலே விந்து ஒழுங்காக வளரும். விதைக்குச் செல்லும் நாடியைச் சூழ்ந்து நாளங்கள் பின்னிக்கிடப்பதால், உட்செல்லும் சூடான இரத்தம் வெளிவரும் குளிர்ந்த இரத்தத்தால் ஆற்றப்படுகின்றது. கடும் வெயிலில் நிழலின்றிக் கட்டப்பட்ட நாம்பனிலும், கால்வாய் நோய் முதலியவற்றால் உயர்ந்த காய்ச்சல் கண்ட நாம்பனிலும் இவ்வொழுங்கு குலைந்து, அக்காலத்தில் வளர்ந்துகொண்டிருந்த விந்துகள் பழுதடைகின்றன. அளவுக்கு மிஞ்சிக் கொழுத்த நாம்பனில் விதைப்பையின் கழுத்தில் கொழுப்புத் திரண்டு வெப்பம் வெளியேறுதலைத் தடுப்பதால், மிகையான தீனும் குற்றமேயாம்.

எழுபது நாட் கணக்கு

நாம்பனில் ஒரு விந்து தோன்றி விதையினுள் முற்றுப்பெற ஏறக்குறைய 61 நாள் செல்லும். விதைமேற்றிணிவைக் கடக்க மேலும் 10 நாளளவு செல்லும். ஆகவே, இன்று வெளிப்படும் விந்து 70 நாளுக்கு முன்னர் விதைக்கப்பட்டதாகும். நேற்றுக் கொடுத்த பிண்ணாக்கு இன்றைய விந்தை வளர்க்காது. சென்ற மாதத்துக் காய்ச்சலின் தீங்கு அடுத்த மாதத்திலும் காணப்படும்.

இக்கணக்கைக் கமக்காரர் நெற்பயிருக்குப் போலவே கொள்ளலாம். மாரிமழையுடன் புல் தழைக்கும் நவம்பர் முதலாந் திகதியில் பசுக்களை நாம்பனுக்கு விட எண்ணுபவர், ஓகஸ்ட் 23ஆந் திகதிக்குள் நாம்பனின் தீனைச் சீர்செய்துவிடல் வேண்டும். வரண்ட வலயத்தில் அக்காலம் கோடையின் உச்சமாகும். புல் கருகி, வைக்கோலே தீனாக எஞ்சும் அவ்வேளையிலேயே நாம்பன் பெரும்பாலும் புறக்கணிக்கப்படுகின்றது. மாரியிற் சினைப்படாத பசுவின் குறைக்குக் காரணம் அக்கோடையில் இருத்தல் கூடும்.

தீன் கொடுக்கும் முறை

வைக்கோல் வயிற்றை நிரப்புமேயன்றி, அதிற் புரதம் மிகக் குறைவு. உயிர்ச்சத்து ஏ ஆக மாறும் மஞ்சள்நிறப் பொருளோ அதில் இல்லையென்றே கூறலாம். இவ்வுயிர்ச்சத்து குறையின் விதையின் குழாய்கள் நலிவடையும். இவற்றை ஈடுசெய்ய விலையுயர்ந்த மருந்துகள் வேண்டுவதில்லை. வேலியிலுள்ள சீமைக்கிளுவை, பூவரசு, வாதநாராயணி ஆகியவற்றின் குழைகள் கோடையிலும் பசுமையாயிருந்து புரதத்தையும் உயிர்ச்சத்தையும் ஒருங்கே அளிக்கும்.

ஏறக்குறைய 300 கிலோகிராம் நிறையுடைய நாம்பனுக்கு நாளொன்றுக்கு 25 முதல் 30 கிலோகிராம் பச்சைப்புல்லும், 1 ½ கிலோகிராம் செறிதீனும் போதுமானவை. செறிதீனை நெற்றவிடு 2 பங்கும் தேங்காய்ப் பிண்ணாக்கு அல்லது எள்ளுப் பிண்ணாக்கு 1 பங்குமாகக் கலந்துகொள்ளலாம். பச்சைப்புல் கிடையாதவிடத்து வைக்கோலுடன் குழையைக் கலந்து கொடுத்தல் வேண்டும். நாகம் முதலிய கனிப்பொருள்கள் விதையின் வேலைக்கு இன்றியமையாதனவாகையால், கனிப்பொருள் உப்புக்கலவை எந்நேரமும் நக்கக் கிடைத்தல் நன்று. பருத்திக்கொட்டையிலும் அதன் பிண்ணாக்கிலும் உள்ள கொசிப்போல் என்னும் பொருள் விந்து உண்டாதலைக் கெடுக்கவல்லது. ஆதலால் பொலிக்கென வளர்க்கும் இளநாம்பன்களுக்கு அவற்றை விலக்குதல் வேண்டும்.

கமக்காரர் கைக்கொள்ளவேண்டியவை

1. பொலிக்கென ஒதுக்கும் நாம்பன்கன்றுக்குப் பால்மறந்த நாள்முதல் தீனைக் குறைக்காதிருத்தல் வேண்டும். பின்னர் கொடுக்கும் தீன் இழந்த காலத்தை முழுதும் மீட்பதில்லை.

2. பசுக்களை விடும் காலத்துக்கு 70 நாள் முன்னரே பச்சைத்தீனும் செறிதீனும் கொடுக்கத் தொடங்குதல் வேண்டும்.

3. நண்பகலில் நாம்பனை மரநிழலிற் கட்டி, தூய நீரை வேண்டியமட்டும் வைத்தல் வேண்டும். எருமைக்கடாவைச் சேற்றிலோ குளத்திலோ புரளவிடல் வேண்டும்.

4. காய்ச்சல் கண்ட நாம்பனை, குணமடைந்த நாளிலிருந்து 70 நாள் வரை பசுக்களிடம் நம்பி விடலாகாது.

5. வளர்ந்த நாம்பனை வாரத்துக்கு 2 அல்லது 3 தடவைக்கு மேற் பயன்படுத்தலாகாது. இளநாம்பனை இதனிலும் குறைத்தே பயன்படுத்துதல் வேண்டும்.

6. ஒரே நாம்பனுக்கு விடப்பட்ட பசுக்கள் பல மீண்டும் பருவங்கொள்ளின், பசுக்களை விற்குமுன் நாம்பனைக் கால்நடை வைத்தியரிடம் காட்டி, அதன் விதையையும் பாயத்தையும் சோதிப்பித்தல் வேண்டும். கருச்சிதைவை உண்டாக்கும் தொற்றுநோய்கள் உள்ளனவா என்பதும் அப்போதே அறியப்படும்.

7. நல்ல நாம்பன் அயலிற் கிடையாதவிடத்து, கால்நடை வைத்திய அலுவலகத்தின் வாயிலாகச் செயற்கைமுறைச் சினைப்படுத்தலை நாடலாம்.

மதகைத் திறக்கும் கட்டளை நாம்பனின் உடலினுள்ளே பிறக்கின்றது. அதனை வெளியிலிருந்து எவரும் இட இயலாது. எனினும், அக்கட்டளை தடையின்றிப் பிறத்தற்கு வேண்டிய தீனும் நிழலும் ஓய்வும் கமக்காரரின் கையிலேயே உள்ளன. 70 நாளுக்கு முன்னதாக அவற்றை அளிப்பவர், பசுவிற் குறைகாணும் நிலையைப் பெரும்பாலும் தவிர்த்துக்கொள்வர்.